ஒரு கடலையால் தோற்ற மேயர்

உலகத்தில் எத்தனையோ பேர் மேயராக இருந்திருக்கிறார்கள். கட்சி இல்லாமல், வாக்கு இல்லாமல், உட்கார ஒரு கதிரைகூட இல்லாமல், பகலில் ஒரு சீமாட்டி வீட்டுக் குளியலறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மாலையில் மேயராக இருந்தவர் ஒரேயொருவர்தான். நான் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் இருந்த காலத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய பெர்மெஸ்ஸோவில், அதாவது அங்கே தங்கியிருக்க எங்களுக்குக் கொடுத்த அனுமதியில், எழுதிக் கிடந்தது. வேறு எங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை. தமிழருக்கு அவர் மேயர் அண்ணை. பல்லாரோச் சந்தை வியாபாரிகள் அதையே தங்கள் பாஷையில் ‘சிந்தாக்கோ’ என்பார்கள்.

இந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பலெர்மோ மக்கள் முதல் தடவையாகத் தங்கள் மேயரை நேரடியாகத் தெரிவுசெய்யப் போனார்கள். ஊரே பேய் பிடித்த மாதிரி ஆடியது. எங்களுக்கு வாக்கில்லை. எங்கள் கவலையெல்லாம் பெர்மெஸ்ஸோவை எப்போது புதுப்பிப்பது, குழாயில் தண்ணீர் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்பதுதான். இந்த மனிதர் மட்டும், பொலிதேயாமாப் பகுதியில் தான் வேலைசெய்த வீட்டுச் சீமாட்டியின் காலஞ்சென்ற கணவருடைய நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு பிரசாரத்துக்குப் புறப்பட்டார். யாருக்காக என்று கேட்கிறீர்களா? எல்லாருக்காகவும்தான்.

வேட்பாளர்கள் தங்கள் படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகளைத் தெருவில் நின்று கொடுப்பார்கள். யார் நீட்டினாலும் மேயர் அண்ணை வாங்கிவிடுவார். வாங்கியதை விநியோகிக்காமல் விட்டால் கொடுத்தவருக்கு மரியாதை இல்லை என்று, ஒருவருக்கொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த அத்தனை வேட்பாளர்களின் அட்டைகளையும் ஒரே கையால் வீடு வீடாகக் கொடுத்தார். ஒருவரை விட்டால் மற்றவர் கோபிப்பாராம். மன்னாரில் இருந்து வந்த ரோசா அக்கா ஒரு வேட்பாளரின் முகம் சாந்தமாக இருக்கிறதென்று அந்த அட்டையை அந்தோனியாருக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்தினா. எதிர்வீட்டில் அதே ஆள் முருகனுக்குப் பக்கத்தில் இருந்து கற்பூரம் பார்த்தார். இரண்டு பக்கத்து அருளும் இருந்தும் மனிதர் தோற்றார். ரோசா அக்கா கனநாள் அந்தோனியாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பல்லாரோவில் ஒரு மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று அவர் பேசிய பேச்சை நான் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நின்று கேட்டேன். அவருடைய இத்தாலிய மொழியில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது, ஆள் கிடையாது. ‘தண்ணீர் வருதல். தினமும் வருதல். எல்லோரும் குளித்தல்.’ அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தேர்தலில் பலெர்மோவில் எல்லோருக்கும் முழுதாக விளங்கிய பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும். பெண்கள் கைதட்டினார்கள். பூண்டு விற்கிற கிழவர் ஒருவர், இவன்தான் எங்கள் சிந்தாக்கோ என்று கத்தினார். பெட்டியை விட்டு இறங்கும்போது மனிதர் மேயராகவே இறங்கினார். அதற்குப் பிறகு அவர் யாராலும் இறக்கப்படவில்லை.

மேயர் என்றால் ஊருக்கு நன்மை செய்ய வேண்டுமல்லவா? செய்தார், பாவி மனிதர். மீன் தலை விவகாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பல்லாரோவில் எங்கள் மீன்காரன் பெரிய மீனை வெட்டி விற்றுவிட்டுத் தலையை ஒரு வாளியில் எறிந்துவிடுவான். நாங்கள் பெண்கள் போய், வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லி இலவசமாக வாங்கி வருவோம். நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதி முழுவதும் தமிழர் வீட்டுக்கு வீடு பூனை என்று அவன் நம்பியிருந்தான். எங்கள் குழம்புச் சட்டிகளும் சந்தோஷமாக இருந்தன. மேயர் அண்ணைக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை காலமாக ஓசியில் தருகிறவனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு பிடி சோறு கொடுக்காமல் விட்டால் தமிழனுக்கு என்ன மரியாதை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிவந்து, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, தன் கையால் தலைக்கறி ஆக்கிக் கொடுத்தார். மீன்காரன் சாப்பிட்டான், அழுதான், மூக்கைத் துடைத்தான், சட்டியை வழித்துச் சாப்பிட்டான். அடுத்த நாள் வாளி இருந்த இடத்தில் தலைகளெல்லாம் ஐஸ்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் விலை குத்தி. பூனைக்கென்றால் இப்போதும் இலவசந்தான், பூனையைக் கூட்டிக்கொண்டு வா என்றான்.

அன்றைக்கு எங்கள் தெருப் பெண்கள் மேயரைத் திட்டிய திட்டை அச்சில் போடமுடியாது. நானும் என் பங்குக்குத் திட்டினேன்.

இந்த மனிதருக்கு ஒரு மனைவி இருந்தா. பெயர் மலர். கலியாணம் முடித்த கையோடு இவர் இத்தாலிக்கு வெளிக்கிட்டுவிட்டார். அவ யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருபடியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு விசாவுக்குக் காத்திருந்தா. காத்திருந்தே வருஷங்கள் போயின. ஞாயிறு தவறாமல் இவர் தெருமுனை டெலிபோன் பூத்துக்குள் புகுந்து காசைப் போட்டுப் போட்டுக் கதைப்பார். ஒருநாள் மேலிருந்து இறங்கி வந்து என் வாசலில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“தங்கச்சி, மலருக்கு விசா சரி. அடுத்த மாதம் வாறா.”

“நல்ல விஷயந்தானே அண்ணை. அதுக்கேன் இழவு வீட்டுக்காரர் மாதிரி நிக்கிறியள்?”

“நான் இஞ்சை எங்கடை தமிழ் ஆக்களுக்கெல்லாம் மேயரா இருக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன்.”

அதுவும் சும்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தமிழருக்கென்று ஒரு மேயர் பதவி இருக்கிறதென்றும், வாக்குப் போட்டுத் தன்னைத் தெரிவுசெய்தார்களென்றும், நகரத்தின் நடுவிலே வீடென்றும், வேலைக்கு டிரைவரோடு போய்வருவதாகவும் சொல்லியிருக்கிறார். வீடு நகரத்தின் நடுவிலேதான் இருந்தது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். டிரைவரும் இருந்தான், அவனுக்குப் பின்னால் அறுபது பேர் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு நிற்பார்கள். இவ்வளவு காலம் தனியே கிடந்தவளுக்கு இதையாவது கொடுப்போமென்று சொன்னேன் தங்கச்சி என்றார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. அழுகையை விழுங்கிவிட்டுச் சிரித்துத் தொலைத்தேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் பகுதிக் கோவில் பாதிரியார் ஒரு காரியம் செய்தார். நல்ல மனிதர். கோவிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு மண்டபத்தைத் தமிழருக்குத் தரலாமென்று சொன்னார். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம், நத்தாருக்கு யேசு பிறப்புக் கொண்டாடலாம், சரஸ்வதி பூசை செய்தாலும் அவருக்கு ஆட்சேபனை இல்லை. சொன்ன மறுநாள் காலையில் ஏழெட்டுப் பேர் தனித்தனியாகப் போய், நான்தான் தமிழர் தலைவர், மண்டபக் கதவின் திறப்பை என்னிடம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாதிரியார் தலையில் கை வைத்தார். ஒரு ஆளைத் தெரிவுசெய்துகொண்டு வாருங்கள், அந்த ஆளோடு மட்டுந்தான் நான் கதைப்பேன் என்று சொல்லிவிட்டார்.

மேயர் அண்ணை என்னிடம் ஓடிவந்தார். கடவுளே மண்டப ரூபத்தில் வந்திருக்கிறார் என்றார். இதில் வென்றுவிட்டால் சொன்னதெல்லாம் உண்மை. தோற்றால் வந்திறங்கிய மனுசியின் முகத்தில் எப்படி முழிப்பது? டெலிபோனில் மலருக்குச் செய்தி போய்விட்டது: பதவிக்காலம் முடிந்துவிட்டது, திரும்பவும் நிற்கச்சொல்லிச் சனம் கெஞ்சுகிறது.

தேர்தலுக்கு விதி போடக் கூடினோம். கட்சி கதைக்கக்கூடாது. இயக்கம் கதைக்கக்கூடாது. அந்த நாளில் அதைக் கதைத்தால் மண்டபம் கிடைக்காது, மண்டைதான் உடையும். ஊர் கதைக்கக்கூடாது, ஏனென்றால் தீவாரும் மன்னாராரும் யாழ்ப்பாணத்தாரும் தனித்தனி மண்டபம் கேட்பார்கள். வேதக்காரரா சைவக்காரரா என்று கேட்கக்கூடாது. சாதி என்ற சொல்லை எவரும் வாய்திறந்து சொல்லவில்லை, எல்லார் தொண்டைக்குள்ளும் அது வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. இத்தனையையும் கழித்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கதைக்க மிஞ்சுவது என்ன? மீன்தான்.

எதிர்த்து நின்றவர் சைலன்ஸ் அண்ணை. ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரையோரம் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினவர். அவர் வாயைத் திறந்து எவரும் பார்த்ததில்லை. கதைக்காத மனிதரோடு யாருக்கு என்ன பகை வரும்? எந்தப் பக்கமும் சாயாத ஆள் வேண்டுமென்றால் அவரைவிடப் பொருத்தமான ஆளை இத்தாலி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவர் நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை, நிற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆகவே நிறுத்திவிட்டார்கள். அவருக்காக மற்றவர்கள் கதைத்தார்கள். ‘மீன் தலைக்கு விலை வரப்பண்ணினது ஆர்?’ என்ற ஒரு கேள்விதான் அவர்களுடைய பிரசாரம். அதற்கு மேல் என்ன வேண்டும்? பெண்கள் பாதிப் பேர் அந்தக் கணமே அந்தப் பக்கம்.

மேயர் அண்ணை மனம் தளரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். அந்த வாரம் மலர் அக்காவும் வந்திறங்கிவிட்டதால் புது ஆளை அறிமுகப்படுத்துகிற சாட்டும் சேர்ந்துகொண்டது. போன வீடெல்லாம் தேத்தண்ணி. குடித்த வீடெல்லாம் ஓம். எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல வராது. மத்தியானம் மேயருக்கு ஓம் சொன்ன வாய், பின்னேரம் சைலன்ஸின் ஆட்கள் வந்தபோதும் ஓம் சொன்னது. எல்லோரும் ஓமென்றால் தோற்கப்போவது யாரண்ணை என்று நான் கேட்டதற்கு, நீ சனத்தை நம்பப் பழகு தங்கச்சி என்றார். கடைசியில் எதிராளி வீட்டையும் விடவில்லை. சைலன்ஸ் அண்ணை வீட்டுக்கும் மனைவியோடு போய் வாக்குக் கேட்டுவிட்டு, பிட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மலர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. மெலிந்த, அமைதியான பெண். மழை ஒழுகுகிற வீட்டையும் பஸ்ஸையும் பார்த்தா, ஒன்றும் கேட்கவில்லை. அவ கேட்காமல் இருக்க இருக்க இவருக்கு உதறல் கூடிக்கொண்டே போனது.

வாக்குப்பதிவு ஞாயிறு பூசைக்குப் பிறகு. கடதாசியில் எழுதினால் யாருடைய கையெழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், பள்ளிக்கூடத்தில் படித்த குடவோலையை எங்களுக்கு வசதியாக மாற்றிக்கொண்டோம். மேயருக்குக் கடலை, சைலன்ஸுக்கு வெள்ளை அவரைக்கொட்டை. ஆளுக்கு இரண்டும் ஒவ்வொன்று கொடுப்போம். திரைக்குப் பின்னால் போய் ஒன்றைப் பானைக்குள் போட்டுவிட்டு, மற்றதைப் பக்கத்துச் சாக்குக்குள் போட்டுவிட வேண்டும். மலர் அக்கா போன கிழமைதான் வந்தவ, அவவுக்கு வாக்கிருக்கா என்று சண்டை கிளம்பியது. விமானத்தை விட்டு இறங்கினால் பலெர்மோத் தமிழர்தான் என்று பாதிரியார் முடித்துவைத்தார். மேயர் அண்ணை திரைக்குப் பின்னால் போனபோது வெகுநேரம் வெளியே வரவில்லை. கடலையைக் கும்பிடுகிறார் போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாதிரியார் பானையை மேசைவிரிப்பில் கவிழ்த்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். நடுவில் ஒரு பாதிக் கடலை கிடந்தது. அது வாக்கா, அரை வாக்கா, செல்லாத வாக்கா என்று மண்டபம் இரண்டுபட்டது. பாதிரியார் அதை முழு வாக்காக எடுத்தார். எடுத்தும் என்ன, எண்ணி முடித்தபோது அவரைக்கொட்டை ஒன்று கூடுதலாக இருந்தது. ஒரேயொரு கொட்டை. இருவருக்கும் ஓம் சொன்ன அத்தனை பேரும் மற்றவர் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். யாரடா அந்த ஒற்றை ஆள், கையில் கிடைத்தால் பிய்த்துவிடுவேன் என்றிருந்தது.

மேயர் அண்ணை எழும்பிப் போய் சைலன்ஸ் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்தி ஒரு பேச்சும் பேசினார். சைலன்ஸ் அண்ணை தலையாட்டிவிட்டுத் திறப்பை வாங்கினார். சாக்கில் மிஞ்சிய வாக்குகளையெல்லாம் அவித்துத் தாளித்துச் சனத்துக்குக் கொடுப்பதென்று ஏற்பாடு. ஆகவே மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சமையலறையில் நானும் மலர் அக்காவும் நின்றோம். மேயர் அண்ணை உள்ளே வந்தார். என்னைக் கண்டும் காணாததுபோலப் போய் மனைவிக்கு முன்னால் நின்றார்.

“மலர், நான் இஞ்சை ஒருநாளும் மேயரா இருக்கேல்லை. உமக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

அவ தேங்காய்ச் சொட்டு வெட்டிக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

“எனக்கு முதல் நாளே தெரியும். எந்த மேயர் பூத்துக்குள்ளை நிண்டு, காசு முடியுது காசு முடியுது எண்டு கத்துறது?”

“பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?”

“லொட்ஜிலை குளியலறை ஒண்டுதான். மேயற்றை மனுசி முதல் குளிக்கட்டும் எண்டு விடுவினம். உங்கடை பொய்யிலை நான் நல்லாக் குளிச்சனான்.”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அடக்காவிட்டால் மானம் போய்விடும். ஆனால் மேயர் அண்ணைக்கு இன்னும் பாரம் இறங்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது என்றார். அன்றைக்குப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது, வாழ்நாளில் வாய் திறக்காத சைலன்ஸ் அண்ணை வாசல் வரை வந்து, அண்ணை உங்கடை வாக்கை எனக்குப் போடுவியளோ என்று மெல்லக் கேட்டிருக்கிறார். சாப்பிட்ட கை காயவில்லை, இல்லையென்று எப்படிச் சொல்வது? இவரும் ஓமென்று சொல்லிவிட்டார். தன் இலைக்குத் தானே பரிமாறுவதும் அழகில்லைத்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, திரைக்குப் பின்னால் அவரைக்கொட்டையைப் போட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பைக்காம்பு உடைந்திருக்க வேண்டும். அல்பெர்கேரியா முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் ஓம் சொன்னார்கள். சொன்ன ஓமைக் காப்பாற்றிய ஒரே மனிதர் இவர், அதுவும் தனக்கு எதிராக. “அண்ணை, நீங்கள் உங்களுக்குப் போட்டிருந்தா வெண்டிருப்பியள்” என்று கத்தியேவிட்டேன்.

“இவர் போட்ட வாக்கு மட்டும் இல்லை” என்றா மலர் அக்கா.

நாங்கள் இரண்டு பேரும் அவவைப் பார்த்தோம்.

“நானும் மற்றவருக்குத்தான் போட்டனான்.”

மேயர் அண்ணையின் முகம் விழுந்துபோனது. பொய் சொன்னதற்குக் கோபமோ என்று கேட்டார். மலர் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த நீளக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினா. கழற்றிக்கொண்டே சொன்னா.

“இந்த ஒரு கிழமையா ஊர் முழுக்க உங்களோடை தேத்தண்ணி குடிச்சுப் பாத்தன். நீங்கள் எல்லாருக்கும் ஓம் எண்டுறியள். திறப்பும் கையிலை வந்தா வீட்டை எப்ப வருவியள்? நான் மேயரைப் பாக்க வரேல்லை. பின்னேரத்திலை எனக்கு ஒராள் வேணும்.”

வாழ்நாளெல்லாம் கதைத்த மனிதர் கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டு, அவவுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயம்தான் என்றார், நாங்கள் நம்பியதுபோலத் தலையாட்டினோம்.

அன்று நாங்கள் வாக்குகளை மிளகாயும் தேங்காயும் போட்டுத் தாளித்துச் சாப்பிட்டோம். அப்படி ஒரு ருசியான தேர்தலை நான் பிறகு எந்த நாட்டிலும் காணவில்லை. அடுத்த நாளில் இருந்து மேயர் அண்ணை வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். மாலையில் என் தலைக்கு மேலே இரண்டு பேர் கதைக்கிற சத்தம் கேட்கும். அவர்தான் நிறையக் கதைப்பார். அவ இடையிடையே சிரிப்பா.

நான் பலெர்மோவை விட்டு வந்து கனகாலம். இப்போது எனக்கு வாக்கு இருக்கிறது, ஒழுங்காகப் போய்ப் போடுகிறேன். ஆனால் ஒருவர் வெல்ல வேண்டுமே என்று நெஞ்சு படபடக்க நான் வாக்குப் போட்டது அந்த ஒரு கடலைதான். மனிதர் தோற்றதில் எனக்கு இன்றைக்கும் துளி வருத்தம் இல்லை.